வற்றாத சுனை வற்றிய வாரம்

ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லிக்குத் தேங்காய்ச் சட்னியா காரச் சட்னியா என்று தீர்த்தகிரி தன் அண்ணியின் வீட்டில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோது இளவரசி வந்து நின்றாள். முகம் வாடிக் கிடந்தது. கண்ணமங்கலத்தில் அவள் கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து பார்க்கிறவர் அவர். திருப்பத்தூரில் திட்ட அலுவலகத்தில் வேலை கிடைத்த அன்று தெரு முழுக்க லட்டு கொடுத்த பெண், இன்று ஒரு வாய் காபியைக்கூட வேண்டாம் என்று தள்ளிவிட்டாள்.

"அத்தை, ஒரு சுனை நின்னுபோச்சு," என்றாள்.

அத்தை என்று அவள் கூப்பிட்டது ரேணுகாதேவியை. வேலூரில் குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு என்பது பென்ஷன் காகிதத்தில்தான். சுற்றுவட்டாரத்தில் யாருக்கு என்ன புதிர் வந்தாலும் அது இந்த வீட்டுக் கூடத்தில்தான் வந்து விழும். கொழுந்தனார் தீர்த்தகிரிக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம். ஸ்பேர் பார்ட்ஸ் கடையை மகன் கையில் விட்ட பிறகு, அவருக்கும் அவருடைய பழைய ஜீப்புக்கும் வேறு வேலை இல்லை.

ரேணுகாதேவி சட்னியைத் தானே முடிவு செய்து தட்டில் ஊற்றிவிட்டு, உட்கார்ந்து சொல் என்றார். இளவரசி சொன்னாள். ஜவ்வாது மலைக்கு ஒரு வட்டாரத் திட்டம் தயாராகிறது: எங்கே வீடு, எங்கே காடு, எங்கே சாலை, எங்கே விடுதி கட்டலாம் என்று வரைபடத்தில் நிறம் பூசுகிற வேலை. புதூர்நாட்டுக்கு மேலே மேல்சுனைப்பட்டு என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஆண்டு முழுவதும் வற்றாத ஒரு சுனை உண்டு. வற்றாத சுனை இருந்தால் அதைச் சுற்றிய சரிவு முழுக்க நீராதாரப் பாதுகாப்புப் பகுதி. யாரும் ஆழ்துளைக் கிணறு போட முடியாது, விடுதி கட்ட முடியாது. சுனை இல்லை என்றால் அதே சரிவு சுற்றுலாக் கட்டுமானப் பகுதி. வரைபடத்தில் முதலாவதுக்குப் பச்சை, இரண்டாவதுக்கு மஞ்சள். இளவரசி அந்தச் சரிவுக்குப் பச்சை பூசியிருந்தாள். அதைச் சரிபார்க்க ஆய்வுக் குழு நாளைக் காலை மலைக்கு வருகிறது. சுனையோ வியாழக்கிழமை நின்றுபோயிருந்தது.

"நாளைக்கு அவங்க வந்து காய்ஞ்ச கல்லைப் பார்த்தா, மஞ்சள் பூசச் சொல்லிட்டுப் போய்டுவாங்க அத்தை. அப்புறம் அந்தச் சரிவு முழுக்க போர் போடுவாங்க. ஊருக்குத் தண்ணியே இருக்காது."

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததா, ஒரேயடியாக நின்றதா என்று ரேணுகாதேவி கேட்டார். ஒரேயடியாகத்தான். விடிகாலையில் கொஞ்ச நேரம் செம்மண் கலங்கலாக வந்திருக்கிறது, பிறகு நின்றுவிட்டது. மழையும் இந்த முறை நன்றாகப் பெய்திருந்தது. ரேணுகாதேவி கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். தீர்த்தகிரி அதற்குள் ஜீப் சாவியைத் தேட ஆரம்பித்திருந்தார்.

வழி நெடுக அவர் தன் கட்சியை எடுத்து வைத்துக்கொண்டே வந்தார். யாருக்கு லாபமோ அவன்தானே செய்திருப்பான்? மேல்சுனைப்பட்டில் தங்கும் அறைகள் கட்டி வாடகைக்கு விடுகிற தனசேகரன் என்ற அடிவாரத்து ஆள், அந்தச் சரிவில் பெரிய விடுதிக்கு நிலம் பேசி வைத்திருக்கிறான் என்று இளவரசி சொன்னதும் தீர்த்தகிரிக்குக் கதை முடிந்துவிட்டது. புதூர்நாடு தாண்டி கடைசி வளைவில் ஒரு தரைப்பாலம் வந்தது. அதன் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாள்தான் பாலிஷ் போட்ட ஜீப், பக்கவாட்டில் சேறு அப்பிக்கொண்டு அக்கரை ஏறியது. தீர்த்தகிரி அழாத குறையாகப் புலம்பினார். போன வாரம் நான் வந்தப்போ இங்கே சுத்தமாகக் காய்ந்து கிடந்தது மாமா என்று இளவரசி சமாதானம் சொன்னாள். ரேணுகாதேவி மட்டும் தலையை வெளியே நீட்டி, அந்தத் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சற்று நேரம் பார்த்தார்.

மேல்சுனைப்பட்டில் ஊர்ப் பெரியதனம் பார்க்கிற ராஜாக்கண்ணு அவர்களை எதிர்கொண்டார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தூக்கமில்லாத கண்களோடு இருந்தார். பலா மரத்தடியில் கல் வாய் ஒன்று. அதிலிருந்து தண்ணீர் தொட்டியில் விழ வேண்டும். தொட்டியின் அடியில் பாசி வெடித்துக் கிடந்தது. பக்கத்தில் ஒரு டிராக்டர் டேங்கரும் அதன் முன்னால் குடங்களின் வரிசையும். தனசேகரன் இலவசமாக அனுப்பியதாம்.

தனசேகரனும் அங்கேதான் நின்றிருந்தான். பளபளவென்ற மலையேறும் பூட்ஸ், கறுப்புக் கண்ணாடி. ஊருக்கு ஒரு கஷ்டம் என்றால் தன்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று தானாகவே சொல்லிக்கொண்டான். டேங்கர் என்றைக்கு வந்தது என்று ரேணுகாதேவி கேட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம், வாடகை வண்டிக்காக வியாழக்கிழமை பூரா அலைந்ததாகச் சொல்லி அலுத்துக்கொண்டான். தீர்த்தகிரி அவனுடைய பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் செம்மண் ஒட்டியிருந்தது.

"அந்த ஒரு நாள் ஊர் இன்னா பண்ணுச்சு?" என்று ராஜாக்கண்ணுவிடம் கேட்டார் ரேணுகாதேவி.

"குப்பம்மா புண்ணியங்க. எங்க வூட்டுலல்லாம் குடத்துல அடித்தண்ணிதான். அது மட்டும் ரெண்டு டிரம்மு, அண்டா எல்லாம் ரொப்பி வச்சிருந்துச்சு. கைக்கொழந்த இருக்கிற வூட்டுக்கெல்லாம் அதுவே கொண்டாந்து ஊத்துச்சுங்க."

குப்பம்மாள் வீடு பலா மரத்துக்கு மேலேயே இருந்தது. ஒற்றை ஆளாகச் சாமை பயிரிட்டு மகனை வளர்த்த பெண்மணி. வீட்டை ஒட்டி இன்னொரு வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டிக் கல் பரப்பியிருந்தது. வேலை பாதியில் நின்றிருந்தது. மகன் ரஞ்சித்குமார் திருப்பூரில் இருக்கிறானாம், பங்குனியில் கல்யாணமாம். வந்தவர்களை அவள் டீ குடிக்காமல் விடவில்லை. ஆனால் அந்த டீ வருவதற்குள் தீர்த்தகிரிக்கு உயிர் போய்விட்டது. அடுப்பு எரிய மாட்டேன் என்றது. அவள் குனிந்து கன்னம் உப்ப வாயாலேயே ஊதினாள், பிறகு தட்டை எடுத்து விசிறினாள், மறுபடியும் ஊதினாள். வீடு முழுக்கப் புகை. தீர்த்தகிரி கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடினார்.

"ஈர வெறகுங்க," என்று குப்பம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கண் சிவந்திருந்தது.

டீயைக் குடித்துவிட்டு ரேணுகாதேவி ராஜாக்கண்ணுவிடம் ஒன்று கேட்டார். இந்தக் கல் வாய்க்குத் தண்ணீர் மேலே எங்கிருந்து வருகிறது, அங்கே போய் யாராவது பார்த்தார்களா? ராஜாக்கண்ணு தயங்கினார். மேலே பாறை இடுக்கில் தலைச்சுனை இருக்கிறது. அங்கே கன்னிமார் ஏழு பேரும் கல்லாக இருக்கிறார்கள். ஆடியில் பொங்கல் வைக்கத்தான் ஊர் போகும். மற்ற நாளில் போவது வழக்கமில்லை. தண்ணீர் நின்றது கன்னிமார் கோபம் என்று ஊர் நினைக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை குறி கேட்டு, உத்தரவு வந்த பிறகுதான் காலெடுத்து வைப்பார்கள்.

"நாளைக்கே ஆபீசருங்க வர்றாங்க. நான் வெளியாளு, என் மேல வர்ற கோபம் ஊர் மேல வராது. போய்ட்டு வரட்டுமா?"

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்க என்று மட்டும் சொன்னார். குப்பம்மாள் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஏற்றம் கடுமையாக இருந்தது. பாதி வழியில் ஒரு திறந்த பாறை, அங்கே செம்மண்ணில் பூட்ஸ் தடங்கள் பளிச்சென்று தெரிந்தன. தீர்த்தகிரிக்கு மூச்சு வாங்கியது மறந்துபோயிற்று. கையும் களவுமாக மாட்டிக்கொண்டான் பாருங்க அண்ணி என்று குதித்தார். ரேணுகாதேவி தடத்தின் கூடவே நடந்தார். அது பாறையைச் சுற்றி வந்து, அடிவாரம் தெரிகிற விளிம்பில் நின்று, வந்த வழியே திரும்பிவிட்டது. வாடகைக்கு வருகிறவர்களுக்கு வேடிக்கை காட்டக் கூட்டி வருகிற இடம் போலிருக்கிறது. அதற்கு மேலே புதருக்குள் போன தடமெல்லாம் வெறுங்கால் தடம். தீர்த்தகிரியின் முகம் சுண்டியது.

புதருக்கு அப்பால் தலைச்சுனை இருந்தது. பாறை வெடிப்பிலிருந்து தண்ணீர் தாராளமாகப் பொங்கிக்கொண்டிருந்தது. ஊர்ப்பக்கம் போகிற கல் வாய்க்காலை மண்ணால் அணை கட்டி அடைத்து, எதிர்ப்பக்கத்துப் பள்ளத்துக்கு யாரோ திருப்பிவிட்டிருந்தார்கள்.

"அதுதான் உன் ஜீப்பு மேல அடிச்ச தண்ணி," என்றார் ரேணுகாதேவி. "மழைக்காலம் முடிஞ்சு தை மாசத்துல காய்ஞ்ச தரைப்பாலத்துல தண்ணி எப்படி வந்துச்சுன்னு அப்பவே உறுத்துச்சு."

இளவரசிக்கு உயிர் வந்தது. சுனை சாகவில்லை. அப்படியே பாறையில் உட்கார்ந்து, அழுகையும் சிரிப்புமாக முகத்தை மூடிக்கொண்டாள். தீர்த்தகிரி சட்டைக் கையை மடித்துக்கொண்டு அணையை உடைக்கப் போனார். ரேணுகாதேவி அவர் தோளைப் பிடித்து நிறுத்தி, முதலில் பார் என்றார்.

அணை, சாமைத் தாளை நறுக்கிப் போட்டுப் பிசைந்த மண். இந்த ஊரில் சுவர் வைக்கிற அதே பக்குவம். பக்கத்தில் கன்னிமார் கற்களில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, வெற்றிலை மேல் கற்பூரம் கொளுத்தியிருந்தது. அணையின் நடுவே ஒரு மூங்கில் குழாய் செருகியிருந்தது. அதன் வழியாக நூல் போலத் தண்ணீர் வழிந்து, ஏழு கற்களின் மேலும் விழுந்து, அங்கேயே மண்ணில் ஊறிப்போய்க்கொண்டிருந்தது. ரேணுகாதேவி அந்தக் குழாயின் வெளி முனையை விரலால் தடவிப் பார்த்தார். விரலில் கரி ஒட்டியது.

அவர் எதையும் கலைக்காமல் கீழே இறங்கினார். வழியில் இளவரசியைத் தன்னோடு நடக்கச் சொல்லி, அவளுடைய திட்டத்தில் பச்சை பூசிய இடத்துக்குள் வீடு கட்டலாமா என்று கேட்டார். புதுக் கட்டடம் எதுவும் கூடாது என்பதுதான் விதி என்றாள் இளவரசி. அப்படியானால் ரஞ்சித்குமார் கட்டுகிற வீடு? இளவரசி நின்றுவிட்டாள். பச்சை வட்டம் குப்பம்மாள் வீட்டையும் தாண்டி, பாதி ஊரை விழுங்கியிருந்தது. விடுதிக்காரனை நிறுத்துவதாக நினைத்து எழுதிய வரி, ஊர்ப் பிள்ளைகளையும் நிறுத்துகிறது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. முகம் கன்றிப்போயிற்று. மாற்ற முடியுமா என்று அத்தை கேட்டதற்கு, முடியும் என்றாள். வரைவுதானே, இனிமேல்தான் குழு பார்க்கப்போகிறது. குடியிருப்பும், அது வளர்வதற்கான இடமும் தனி என்று கோட்டைத் திருத்தலாம். நானே பேசுகிறேன் என்றாள்.

மாலை வெயில் சாய்கிற நேரத்தில் பலா மரத்தடியில் ஊர் கூடியது. தனசேகரனையும் ரேணுகாதேவி வரச் சொல்லியிருந்தார். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"சுனை வத்தல. மேல ஒருத்தர் வாய்க்காலை அடைச்சிருக்காங்க. கன்னிமார் கோபம் இல்ல, பயப்படாதீங்க."

கூட்டம் ஒரேயடியாகத் தனசேகரன் பக்கம் திரும்பியது. அவன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். முகத்தில் ஈயாடவில்லை.

"இவர் செய்யல," என்றார் ரேணுகாதேவி. "முன்னாடியே தெரிஞ்சிருந்தா, நல்ல பேர் வாங்க டேங்கரை வியாழக்கிழமை காலையிலேயே நிறுத்தியிருப்பார். ஒரு நாள் அலைஞ்சிருக்க மாட்டார். அதுவுமில்லாம, வாடகைக்கு ஆள் வச்சு அடைச்சிருந்தா சிமெண்ட்டைக் கொட்டிட்டுப் போயிருப்பாங்க. அங்க மஞ்சள் வச்சு மன்னிப்புக் கேட்டிருக்கு. கன்னிமார் கல்லு காயக்கூடாதுன்னு கொஞ்சம் தண்ணி விட்டிருக்கு. கெடுதல் பண்ணும்போதுகூட சாமிய நெனைச்ச ஆளு, இந்த ஊர் ஆளு."

ரேணுகாதேவி தொடர்ந்தார். செய்தவர் ஊரைத் தவிக்கவிட நினைக்கவில்லை. நாளைக்கு ஆபீசர்கள் வந்து போகும் வரைக்கும்தான் சுனை நிற்க வேண்டும் என்று நினைத்தார். ஏன்? சுனை இருந்தால் சுற்றியுள்ள வீடுகளை எடுத்துவிடுவார்கள் என்று அவரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதைச் சொன்னது யார் என்று மட்டும் தனக்குத் தெரியவேண்டும் என்றார்.

தனசேகரன் தொண்டையைச் செருமினான். பொதுவாகப் பேசினது, ரெண்டு மூணு வீட்டில் சொல்லியிருக்கலாம் என்று இழுத்தான். இந்தத் திட்டமே வேண்டாம் என்று ஊரை ஒரு மனுவில் கையெழுத்துப் போடவைக்க வேண்டும் என்பதுதான் அவன் எண்ணம். சுனையை நிறுத்துகிற அளவுக்கு யாராவது பயப்படுவார்கள் என்று அவனே எதிர்பார்த்திருக்கவில்லை. ராஜாக்கண்ணு பார்த்த பார்வையில் அவனுக்கு அசடு வழிந்தது.

பிறகு இளவரசி எழுந்தாள். "அவர் சொன்னது பாதி பொய்தாங்க. இருக்கிற வீட்டை யாரும் எடுக்க மாட்டாங்க. ஆனா புது வீடு கட்டக்கூடாதுன்னு நான் எழுதியிருந்தேன். உங்களைக் கேக்காமலே எழுதினேன். அது என் தப்பு. நாளைக்குக் குழு முன்னாடி நானே அதை மாத்தச் சொல்றேன். ஊரும், ஊர்ப் பிள்ளைங்க கட்டப்போற வீடும் கோட்டுக்கு வெளிய. ஆனா சுனை நின்னா, சரிவு முழுக்க விடுதிக்காரங்க கைக்குப் போய்டும். போர் போடுவாங்க. அப்புறம் இந்தச் சுனை நெஜமாவே நிக்கும்."

ரேணுகாதேவி கூட்டத்தைப் பார்த்தார், யாரையும் தனியாகப் பார்க்கவில்லை. "அடைச்சவங்க யாருன்னு நான் சொல்ல மாட்டேன். அவங்களே போய்த் தொறந்துவிட்டா போதும்."

பின்வரிசையில் குப்பம்மாள் எழுந்தாள்.

"நாந்தாங்க," என்றாள். "எம்புள்ள கட்டிக்கினு வர்ற பொண்ணுக்கு ஒரு வூடு இல்லாம போய்டுமேன்னு… நாலு நாளுதானே, டிரம்முல ரொப்பி வச்சா எல்லாருக்கும் ஊத்திடலாம்னு நெனச்சேன். அது ஒரு நாளு கூட வரல."

ஊர் சலசலத்தது. ஒருவர் ஆகாயத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். அபராதம் போடவேண்டும் என்று ஒரு குரல் வந்தது. அப்போது கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண், அன்று எங்க வீட்டுக்குக் குடம் தூக்கி வந்ததும் இவங்கதானே என்றாள். ராஜாக்கண்ணு கம்பளியை உதறிப் போர்த்திக்கொண்டார்.

"ஆடியில மொதப் பொங்கல் நீ வச்சு கன்னிமாருகிட்ட மன்னிப்பு கேளு. இப்ப போய்த் தொறந்துட்டு வா. கொழந்தைங்க காத்துக்கினு இருக்குது," என்றார்.

குப்பம்மாள் தனியாகவே மேலே ஏறினாள். மற்றவர்கள் கல் வாயைச் சுற்றி நின்றார்கள். தீர்த்தகிரி தன்னையறியாமல் கைகட்டி நின்றார். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. இளவரசி அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கல்லுக்குள்ளே ஏதோ விக்கியது. செம்மண் கலங்கலாக ஒரு கை அளவு வந்தது, நின்றது, மறுபடி வந்தது. அதற்கப்புறம் தெளிந்த தண்ணீர் வளைந்து தொட்டியில் விழ ஆரம்பித்தது. குழந்தைகள் தொட்டிக்குள்ளேயே இறங்கிவிட்டார்கள். ராஜாக்கண்ணு ஒரு கை ஏந்திக் குடித்து, மீதியைத் தலையில் தெளித்துக்கொண்டார். இளவரசிக்கு அப்போதுதான் பசி எடுத்தது; காலையிலிருந்து ஒன்றுமே சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

கூட்டம் கலைந்த பிறகு தீர்த்தகிரி அண்ணியை ஓரமாக இழுத்தார். அத்தனை பேரில் குப்பம்மாள்தான் என்று எப்படித் தெரிந்தது?

"டிரம்மு ரொப்பி வச்சிருந்தது ஒரு சந்தேகம். பாதியில நின்ன அஸ்திவாரம் ரெண்டாவது. ஆனா அதெல்லாம் போதாது. நீ புகையில கண்ணைக் கசக்கிக்கிட்டு ஓடினியே, அதுதான். மலையில அடுப்பு எரிக்கிற வீட்டுல ஊதாங்குழல் இல்லாம இருக்குமா? மேல அணையில இருந்த மூங்கில் முனை கரிஞ்சிருந்துச்சு."

"அதை ஊர் முன்னாடி காட்டியிருக்கலாமே அண்ணி," என்றார் தீர்த்தகிரி. அவருக்கு அந்தக் காட்சி தவறிப்போனதில் வருத்தம்தான்.

"காட்டியிருந்தா நான் புடிச்ச மாதிரி ஆயிருக்கும். அவங்க இந்த ஊர்ல இன்னும் இருக்கணும்ல?"

அன்றிரவு இளவரசி ராஜாக்கண்ணு வீட்டிலேயே தங்கினாள். மறுநாள் காலை குழுவோடு சரிவு முழுக்க நடந்தாள். வரைபடத்தை விரித்து, ஊரைச் சுற்றி ஒரு கோடு, சுனையைச் சுற்றி ஒரு கோடு என்று இரண்டையும் தனித்தனியாகக் காட்டி, தன் வரைவில் என்ன தப்பு என்பதையும் அவளே சொன்னாள். குழுத் தலைவர் கல் வாயில் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துப் பார்த்து, இரண்டாவது டம்ளரும் கேட்டாராம். சுனை வற்றவில்லை என்று குழு நம்புவதற்கு அது போதும் என்று இளவரசி போனில் சொன்னபோது, ரேணுகாதேவியும் தீர்த்தகிரியும் கண்ணமங்கலத்தில் இருந்தார்கள்.

ஆனால் ஞாயிறு மாலை அவர்கள் கிளம்பு முன் குப்பம்மாள் மறுபடி டீ குடிக்கச் சொன்னாள். கையில் மண் ஒட்டிய ஊதாங்குழலோடு அப்போதுதான் இறங்கி வந்திருந்தாள். அதைத் தொட்டித் தண்ணீரில் கழுவி, அடுப்பருகில் உட்கார்ந்து ஒரே ஒரு தடவை ஊதினாள். தீ பற்றிக்கொண்டது. புகை இல்லை. தீர்த்தகிரி இந்த முறை உள்ளேயே உட்கார்ந்து இரண்டு டம்ளர் குடித்தார்.

இறங்கும்போது தரைப்பாலம் இருந்த வளைவு வருவதற்கு முன்பே அவர் ஜீப்பை மெதுவாக்கினார். சேறு அடிக்கும் என்று கண்ணாடியைக்கூட ஏற்றிக்கொண்டார். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் இல்லை. ஓரங்களில் ஈரம் காய்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். தீர்த்தகிரி கண்ணாடியை இறக்கிவிட்டு, மலைக்காற்று உள்ளே வர, கியரை மாற்றினார்.